தூத்துக்குடியிலிருந்து தனுஷ்கோடிக்குச் சைக்கிளில் போக என்ன தயார் செய்ய வேண்டும்?

சாயல்குடி, கீழக்கரை வழியாகத்தானே போகிறீர்கள்? அப்படியென்றால் உடம்பைவிட டயரைத்தான் முதலில் பாருங்கள். வழியெல்லாம் சீமைக்கருவேலம், ஓரமாக நிழலுக்கு ஒதுங்கினாலே முள் ஏறிவிடும்; டியூபை ஒட்டியதும் அப்படியே மாட்டாமல், டயரின் உள்பக்கத்தை விரலால் மெல்லத் தடவி, ஒடிந்து நிற்கும் முள்நுனியைப் பிடுங்காவிட்டால் கொஞ்ச தூரத்திலேயே மறுபடி காற்று போகும் (எனக்கு இரண்டு முறை போனது). கூடுதலாக இரண்டு டியூப், கைப்பம்பு கட்டாயம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று முதுகில் தள்ளும், சரி, திரும்பும்போதுதான் நாக்குத் தள்ளும். பேசாமல் ராமேஸ்வரத்தில் ரயிலேறிவிடுங்கள். பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல், பக்கக்காற்று ஆளையே சாய்க்கும். அப்புறம், இரவில் செயினை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும்.