ஆன்லைனில் பொருள் விற்கும்போது ஏமாற்றுகிறவர்களை எப்படிக் கையாள்வது?

பணம் அனுப்பிவிட்டதாகப் படம் காட்டுகிறார்கள், பொருள் கைக்குப் போனதும் குறை சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள், இவர்களை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிப் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்திலிருந்து கருப்பட்டி, ஓலைப் பெட்டி, கருவாடு ஆகியவற்றை வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் விற்கிறேன். இரண்டு வகையினரையும் பார்த்திருக்கிறேன்.

முதல் வகைக்கு ஒரே கட்டுப்பாடுதான். என் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதை நானே பார்க்கும்வரை பொருள் வாசலைத் தாண்டாது. ஸ்கிரீன்ஷாட்டை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. அதைப் போலியாகத் தயாரிக்கவென்றே செயலிகள் இருக்கின்றன. பணம் வந்ததாகச் சொல்லும் குறுஞ்செய்தியும் அப்படித்தான். சாதாரணக் கைபேசி எண்ணிலிருந்து 'வங்கிச் செய்தி' வந்தால் அது வங்கியுடையது அல்ல. யுபிஐ பரிமாற்றம் ஒவ்வொன்றுக்கும் 12 இலக்க எண் உண்டு. அதைக் கேட்டு வாங்கி, என் கணக்கு விவரத்தோடு ஒப்பிட்ட பிறகே பொட்டலம் கட்டுவேன்.

எங்கள் பகுதியில் ஒரு தனி உத்தி நடக்கிறது. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, மண்டபத்தில் கடலோரக் காவல்படை இருக்கிறது. அதனால் "அக்கா, நான் கடற்படையில் இருக்கிறேன், கேன்டீனுக்கு இருபது கிலோ கருப்பட்டி வேண்டும்" என்று யாராவது பேசினால் மனம் சட்டென்று நம்பிவிடும். சீருடையணிந்த படமும் அடையாள அட்டையும் கேட்காமலே வந்து சேரும். விலையில் பேரமே இருக்காது. கடைசியில் ஒரு கியூஆர் குறியீடு வரும்: "ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள், பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும்." பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. பின் எண் கேட்கப்பட்டால் பணம் நம்மிடமிருந்து வெளியே போகிறது என்று பொருள். என்னிடம் முயன்றவரிடம், "கடை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது தம்பி, யாரையாவது அனுப்பி ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றேன். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

இன்னொன்று, ஆயிரம் ரூபாய்க்குப் பதில் பத்தாயிரம் தவறுதலாக அனுப்பிவிட்டதாகப் பதறி, மீதியை உடனே திருப்பச் சொல்வது. மருத்துவமனைச் செலவு என்று அழுவார்கள். அவசரப்படுத்துகிறவரிடம் நான் வேண்டுமென்றே நிதானமாகிவிடுவேன்.

பொருள் போன பிறகு வரும் ஏமாற்றுதான் உண்மையில் வலிக்கும். கருப்பட்டிக்கு என்று ஒரு குற்றச்சாட்டு தயாராக இருக்கிறது: "சீனி கலந்திருக்கிறது. பாதிப் பணத்தைத் திருப்பித் தராவிட்டால் ஃபேஸ்புக்கில் எழுதிவிடுவேன்." சந்தையில் சீனி கலந்த கருப்பட்டி நிறைய இருப்பதால் இதைக் கேட்பவர்கள் நம்பிவிடுவார்கள். ஒருவர் ஆதாரமாகப் படமும் அனுப்பினார். அதில் இருந்தவை சதுர அச்சில் வார்த்த கட்டிகள். எனக்குக் காய்ச்சித் தருகிற மதினி காலைப் பதநீரை ஓலையும் மட்டையும் எரித்துக் காய்ச்சி, பாகு பதம் வரும்வரை அடுப்பை விட்டு நகராமல் துழாவி, சிரட்டையில்தான் ஊற்றுவார். எங்கள் கருப்பட்டி ஒவ்வொன்றும் அரை உருண்டையாக, சிரட்டையின் வளைவோடு இருக்கும். சதுரக் கட்டி எங்கள் வீட்டிலிருந்து போகவே முடியாது.

அப்படி எழுதி அனுப்பியதோடு, "முழுவதையும் திருப்பி அனுப்புங்கள், போக்குவரத்துச் செலவோடு முழுப் பணமும் தருகிறேன்" என்றேன். குறை சொல்லும் எல்லோரிடமும் இதையே சொல்கிறேன். உண்மையிலேயே மனம் நொந்தவர் அனுப்பிவைப்பார். பாதிப் பணத்துக்காகக் கிளம்பியவர் அனுப்பமாட்டார். அந்த மனிதர் அனுப்பவில்லை.

ஆனால் குறை சொல்கிறவரையெல்லாம் திருடராகப் பார்த்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கருப்பட்டி ஈரத்தை இழுத்துக் கசியும். கசிந்துவிட்டது என்று அப்போது சொல்கிறவர் உள்ளதைத்தான் சொல்கிறார். அவருக்கு மாற்றி அனுப்புவது நம் கடமை.

எடை குறைவு என்பவர்களுக்குத் தபால் ரசீதே பதில். ஸ்பீட் போஸ்ட் ரசீதில் எடை அச்சாகியிருக்கும். அதற்கு மேல், தராசில் வைப்பது முதல் முகவரி ஒட்டி மூடுவது வரை வெட்டாத ஒரே வீடியோவாக எடுத்துவைக்கிறேன். 'பார்சலே வரவில்லை' என்பவர்களுக்காக ஸ்பீட் போஸ்ட்டில் ஓடிபி சொன்னால்தான் ஒப்படைக்கும் வசதி வந்திருக்கிறது. கூடுதல் கட்டணம் சிறிதுதான், விலை உயர்ந்த பொருளுக்குக் கட்டாயம் எடுங்கள். புதியவர்களுக்குப் பொருள் வந்தபின் பணம் என்ற பேச்சே என்னிடம் இல்லை. வாங்காமல் திருப்பிவிட்டால் கருப்பட்டி உடைந்து தூளாகத்தான் வீடு வந்து சேரும்.

ஏமாந்துவிட்டால்? கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். ஏமாற்றியவர் எடுப்பதற்கு முன் பணத்தை முடக்க வாய்ப்பு இருக்கிறது. போலி ரசீதை நம்பிப் பொருளை அனுப்பியிருந்தால் அது மோசடிப் புகார்: பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 318-வது பிரிவு, ஆள்மாறாட்டம் இருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு. பேச்சுப் பதிவு, எண், முகவரி, தபால் ரசீது எல்லாவற்றையும் அழிக்காமல் மாவட்டச் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் கொடுங்கள். நுகர்வோர் நீதிமன்றம் வாங்குகிறவருக்கானது. விற்கிற நமக்கு அங்கே வேலை இல்லை. கோபத்தில் ஏமாற்றியவருடைய முகவரியையும் எண்ணையும் ஃபேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் அந்த எண் வேறு யாரோ ஒருவரின் பெயரில் வாங்கப்பட்டதாக இருக்கும்.

நஷ்டம் வந்தால் அது விற்கிற என்னோடு நிற்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பனையேறுகிற அண்ணனுக்கும் காய்ச்சுகிற மதினிக்கும் பொருள் எடுக்கும் அன்றே பணம் கொடுத்துவிடுகிறேன். அதனால்தான் வாடிக்கையாளர் எத்தனை முறை 'நம்பிக்கை இல்லையா அக்கா' என்று கேட்டாலும், பணம் ஏறிய பிறகே பொட்டலம் கட்டுகிறேன்.