கணினிக்குள் கணினி, நெட் மட்டும் இல்லை!

கேள்வி: விடுதியில் தங்கிப் படிக்கும் பொறியியல் மாணவன் நான். லேப்டாப்பில் விண்டோஸ், அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டு உபுண்டு என்ற இயங்குதளத்தை வைத்திருக்கிறேன். வீட்டில் இருந்தவரை உபுண்டுவில் நெட் ஒழுங்காக வந்தது. விடுதி வை-ஃபையில் விண்டோஸுக்கு வருகிறது, உபுண்டுவுக்கு வரவே இல்லை. கணினிக் கடைக்காரர், 'யுஎஸ்பி வை-ஃபை அடாப்டர் 1,400 ரூபாய். இல்லாவிட்டால் விர்ச்சுவல்பாக்ஸ் போன்றே இருக்கும் விஎம்வேர் லைசென்ஸ் 3,000 ரூபாய்க்குத் தருகிறேன்' என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டையும் வாங்க வேண்டாம். முதலில் அந்த லைசென்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 மே மாதம் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசமானது. அதே ஆண்டு நவம்பரில் அலுவலகப் பயன்பாட்டுக்கும் இலவசமாகிவிட்டது. இப்போது அதன் உரிமையாளரான பிராட்காமின் தளத்தில் கணக்குத் திறந்து இறக்கிக்கொள்ளலாம். சும்மா கிடைப்பதற்கு 3,000 ரூபாய் கேட்பவரிடம் வேறெதையும் வாங்கும்முன் இரண்டு முறை யோசியுங்கள்.

இனி உங்கள் உபுண்டுவுக்கு வருவோம். விர்ச்சுவல்பாக்ஸைத் திறந்து, அந்த மெய்நிகர் கணினியின் அமைப்புகளில் 'நெட்வொர்க்' பகுதிக்குப் போய் 'அடாப்டர் 1' என்பதைப் பாருங்கள். 'பிரிட்ஜ்டு' (Bridged) என்று இருக்கும் என்பது என் ஊகம். யாரோ ஒருவருடைய வீடியோவைப் பார்த்து வீட்டில் அப்படி வைத்திருப்பீர்கள். அதை 'நேட்' (NAT) என்று மாற்றிவிட்டு உபுண்டுவை மறுபடி தொடங்குங்கள். பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடும். செலவு பூஜ்யம்.

ஏன் என்று தெரிந்துகொண்டால் அடுத்த இடத்திலும் உதவும். பிரிட்ஜ்டு முறையில் உங்கள் உபுண்டு, விடுதி நெட்வொர்க்கின் முன்னால் தனி ஆளாகப் போய் நின்று தனக்கென்று ஓர் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கணினியைக் காட்டும் எண்) கேட்கிறது. கம்பி வழி இணைப்பில் இது இயல்பாக நடக்கும். வை-ஃபை அப்படியில்லை: தன்னிடம் பதிவு செய்துகொண்ட வை-ஃபை அட்டையின் மேக் முகவரியிலிருந்து (அட்டைக்கே உரிய அடையாள எண்) வருவதை மட்டுமே அது ஏற்கும். அதனால் விர்ச்சுவல்பாக்ஸ் ஒரு தந்திரம் செய்கிறது. உபுண்டு அனுப்புவதன்மேல் லேப்டாப்பின் மேக் முகவரியை ஒட்டி அனுப்புகிறது. வீட்டு ரவுட்டர் இதைக் கண்டுகொள்ளாது. ஒரு மாணவருக்கு ஒரு சாதனம், ஒரு சாதனத்துக்கு ஒரு முகவரி என்று கணக்கு வைத்திருக்கும் விடுதி நெட்வொர்க் கண்டுகொள்ளும். ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர் ஏறினால் நடத்துநர் ஒருவரை இறக்கிவிடுவார் அல்லவா, அதுதான்.

நேட் முறையில் உபுண்டு வெளியே தலைகாட்டுவதே இல்லை. விர்ச்சுவல்பாக்ஸே அதற்கு ரவுட்டராக நிற்கிறது. வெளியுலகுக்கு எல்லாமே உங்கள் விண்டோஸிலிருந்து போவதாகத்தான் தெரியும்.

மாற்றிய பிறகும் வரவில்லையா? எங்கே அறுந்திருக்கிறது என்று படிப்படியாகப் பாருங்கள். (உபுண்டுவின் மேல் மூலையில் வை-ஃபை குறியைத் தேட வேண்டாம், லேப்டாப் வை-ஃபையில் இருந்தாலும் உள்ளே கம்பி இணைப்பாகத்தான் தெரியும்.) டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னல்) உபுண்டுவின் ஐபி முகவரியைப் பாருங்கள். நேட் முறையில் வழக்கமாக 10.0.2.15 என்று இருக்கும். எண்ணே இல்லையென்றால், அமைப்புகளில் 'கேபிள் இணைக்கப்பட்டுள்ளது' (Cable Connected) என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இல்லாத கேபிளைச் செருக மறந்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் நான். எண் இருந்தால் 10.0.2.2 என்பதற்கு பிங் ('இருக்கிறாயா?' என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை) கொடுங்கள்; அதுதான் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டுக்கொண்ட ரவுட்டர் வேடம். அது பதில் சொன்னால் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு. அதுவும் பதில் சொல்லி, பிரவுசரில் மட்டும் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் இணைப்பு நன்றாகவே இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் படுத்திருக்கிறது. (உள்ளே இருப்பது விண்டோஸ் என்றால், முகவரி கிடைக்காதபோது 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தானே போட்டுக்கொள்ளும். அதைப் பார்த்து முகவரி வந்துவிட்டதாக ஏமாற வேண்டாம்.)

நேட்டுக்கு இரண்டு குறைகள் உண்டு. பக்கத்து அறை நண்பரால் உங்கள் உபுண்டுவில் ஓடும் வலைத்தளத்தைப் பார்க்க முடியாது. அதற்கு 'போர்ட் ஃபார்வர்டிங்' பகுதியில் விண்டோஸின் 8080 என்ற போர்ட்டை (தகவல் வந்துபோகும் வாசலின் எண்) உபுண்டுவின் 80-க்குத் திருப்பிவிட வேண்டும். இரண்டு மெய்நிகர் கணினிகள் வைத்திருந்தால் இரண்டுமே 10.0.2.15 என்று காட்டும், ஒன்றையொன்று பார்க்காது. அது பழுதல்ல. இரண்டும் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் 'நேட் நெட்வொர்க்' என்று தனியாக ஒரு வகை இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள்.

கடைக்காரரின் அடாப்டர் முழுப் பொய் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். யுஎஸ்பி அடாப்டரை நேரடியாக உபுண்டுவின் கையில் கொடுக்க முடியும். அப்போது அதற்குச் சொந்தமாக ஒரு வை-ஃபை அட்டை கிடைத்துவிடும். ஆனால் விடுதியில் அதை இரண்டாவது சாதனமாகப் பதிவு செய்ய அனுமதி வேண்டும், உபுண்டுவுக்கு அதன் டிரைவரும் அமைய வேண்டும். ஒரு சொடுக்கில் தீரக்கூடியதற்கு இத்தனை பாடு எதற்கு?

கேள்வி: வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். அலுவலக விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்கான பாதுகாப்பான இணைப்பு) இணைத்த நொடியில் என் மெய்நிகர் கணினியில் எந்தத் தளமும் திறப்பதில்லை. வீட்டுக்கு வந்து பார்த்த டெக்னீஷியன், 'வைரஸ், ஃபார்மேட் செய்ய வேண்டும், 1,200 ரூபாய்' என்கிறார்.

பதில்: விபிஎன்னைத் துண்டித்தால் வைரஸ் குணமாகிவிடுகிறதா? அப்படியானால் அது வைரஸ் அல்ல. அவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவைத்துவிடுங்கள்.

நேட் முறையில் மெய்நிகர் கணினி தன் டிஎன்எஸ் விவரத்தை லேப்டாப்பிடமிருந்துதான் பெறுகிறது. விபிஎன் வந்ததும் லேப்டாப்பின் டிஎன்எஸ் மாறிவிடுகிறது. உள்ளே இருப்பது பழைய விலாசத்துக்கே கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறது. முதலில் விபிஎன்னை இணையுங்கள், பிறகு மெய்நிகர் கணினியைத் தொடங்குங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ்வரிசையில் உள்ள நெட்வொர்க் குறியை வலது சொடுக்கி இணைப்பைத் துண்டித்து, மறுபடி இணைத்துப் பாருங்கள். லேப்டாப்பை மூடித் தூங்கவைத்து வேறிடத்தில் திறக்கும்போது வரும் தொல்லைக்கும் இதுதான் முதல் மருந்து. அப்படியும் வராவிட்டால் அலுவலகத்தின் ஐடி பிரிவிடம் கேளுங்கள். சில நிறுவனங்கள் வேண்டுமென்றே இப்படிப் பூட்டி வைக்கின்றன. அதைத் திறக்க நீங்களே வழி தேடுவது வேலைக்கு நல்லதல்ல.

கேள்வி: வீட்டிலேயே தனியாக இணையவழித் தையல் வகுப்பு நடத்துகிறேன். அதற்காக மாதம் 600 ரூபாய்க்கு ஒரு மெய்நிகர் சர்வரை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். போன மாதம் ஒரு நாள் ஆறு மணி நேரம் தளமும் திறக்கவில்லை, உள்ளே நுழையவும் முடியவில்லை. நிறுவனமோ 'சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது' என்று ஒரே வரியில் புகாரை மூடிவிட்டது. விளம்பரத்தில் 99.9 சதவீத நேரம் தடையில்லாமல் இயங்கும் என்றார்களே? நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் பழுது யார் பக்கம் என்று காட்ட வேண்டியது நீங்கள்தான். 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்பது அவர்கள் கண்ணோட்டத்தில் உண்மையாகவும் இருக்கலாம். வீட்டில் விளக்கு எரிகிறது, வாசல்தான் பூட்டியிருக்கிறது.

அடுத்த முறை இப்படி ஆனால் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் உள்நுழைந்து 'கன்சோல்' என்பதைத் திறங்கள். சர்வரின் நெட்வொர்க் செத்திருந்தாலும், அதன் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல அங்கே வேலை செய்யலாம். வாடகைக்கு எடுக்கும்முன் இந்த வசதி உண்டா என்று கேட்பதை, விலை கேட்பதற்கும் முன்னால் வைப்பேன். கன்சோலே வரவில்லை என்றால் பில் பாக்கியா என்று பாருங்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிப் பற்று விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அட்டையிலிருந்து மாதாமாதம் போய்க்கொண்டிருந்த பணம் பலருக்குச் சத்தமில்லாமல் நின்றுபோனது.

கன்சோல் திறந்ததும் உள்ளே பாருங்கள். ஐபி முகவரியே இல்லையென்றால், சமீபத்திய அப்டேட்டில் நெட்வொர்க் அட்டையின் பெயர் மாறி, அமைப்புக் கோப்பு இன்னும் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கலாம். முகவரி இருக்கிறது, உள்ளிருந்து வெளியே பிங் போகிறது, வெளியிலிருந்து உள்ளேதான் எதுவும் வரவில்லை என்றால் தீச்சுவரை (ஃபயர்வால், வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் காவல்) சந்தேகியுங்கள். உபுண்டுவின் தீச்சுவரை இயக்கினால், உள்ளே வருவதை எல்லாம் அது தடுத்துவிடும். 22, 80, 443 ஆகிய போர்ட்களை முன்கூட்டியே நீங்கள்தான் திறந்துவைக்க வேண்டும். இதைச் செய்யாமல் இயக்கித் தன்னைத்தானே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்ளாத சர்வர்காரர் குறைவு. நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் இன்னொரு தீச்சுவரும் இருக்கக்கூடும், அதையும் பாருங்கள். இந்த இரண்டும் உங்கள் பொறுப்பு, இவற்றுக்கு நஷ்டஈடு கிடையாது.

முகவரி சரி, தீச்சுவரும் சரி, கேட்வே (சர்வரை வெளியுலகோடு இணைக்கும் ரவுட்டர்) மட்டும் பிங்குக்குப் பதில் சொல்லவில்லை என்றால் பழுது அவர்கள் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். நேரம் தெரியும்படி திரையைப் படமெடுத்து, அப்போதே புகாரில் இணையுங்கள்.

இப்போது கணக்கு. 30 நாள் மாதத்தில் 99.9 சதவீதம் என்றால் அவர்கள் எடுத்துக்கொள்ளும் சலுகை 43 நிமிடம். ஆறு மணி நேரம் அதைப்போல எட்டு மடங்கு. பழுது அவர்கள் பக்கம் என்றால், வாக்கு மீறப்பட்டதில் சந்தேகமில்லை. ஆனால் ஒப்பந்தத்தைப் படித்தால், ஈடு பெரும்பாலும் பணமாக வராது, அடுத்த பில்லில் கழிவாகத்தான் வரும். 600 ரூபாயை 720 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் ஆறு மணி நேரத்துக்கு ஐந்து ரூபாய். தாராளமாகப் பத்து மடங்கு கொடுத்தாலும் ஐம்பது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கு மட்டுமே வாங்கிய பொருளை வணிக நோக்கமாக அது கருதுவதில்லை. சர்வர் வாடகை பொருள் அல்ல, சேவை; ஆனாலும் உங்கள் தையல் வகுப்பு அதற்குள் வரும் என்று வாதாடிப் பார்க்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே, பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். நிறுவனம் வெளிநாட்டில் மட்டும் இருந்தால், இத்தனையும் செய்து அவர்களை இங்கே கொண்டுவருவது கடினம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், கழிவைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டு, அன்று மாலையே எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு வேறு நிறுவனம் பார்ப்பேன். ஆண்டுச் சந்தா கட்டினால் தள்ளுபடி என்று புதியவர்கள் சொல்வார்கள். முதல் மூன்று மாதம் மாதவாடகையே கொடுங்கள்.