அத்தோ வடசென்னைச் சாப்பாடா, பர்மா சாப்பாடா?

"பர்மாவில் இருந்து வந்த அத்தோ என்ற நூடுல்ஸ் உணவை எப்படி வடசென்னை உணவு என்று சொல்லலாம்?" என்பது கேள்வி. தாராளமாகச் சொல்லலாம்.

வந்தது பர்மாவில் இருந்துதான். 1962-ல் அங்கே ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்து, 1964-ல் கடைகளெல்லாம் அரசுடைமையானபோது, அங்கே பிழைத்த தமிழர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். வியாசர்பாடியில் பலர் குடியேறினார்கள். அப்புறம் அவர்கள் கடை போட்ட பர்மா பஜார் வந்தது. சொத்தைக் கொண்டுவர முடியவில்லை, கைப்பக்குவம் வந்துவிட்டது.

சாயங்காலம் பர்மா பஜார் அருகே உள்ள செகண்ட் லைன் பீச் சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைவார்கள். மேலே பேஜோ என்ற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டு நீட்டுவார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூடான மொய்ங்கா. பர்மாவில் அது மீன் போட்ட குழம்பு. இங்கே பல கடைகளில் மீனே கிடையாது. நம் நாக்குக்குத் தகுந்தபடி மாறிவிட்டது. இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன்.

பூர்வீகம்தான் கணக்கு என்றால் மிளகாயையும் தக்காளியையும் என்ன செய்வது? இரண்டுமே அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தவை. ரசத்தை யாரும் வெளிநாட்டுச் சாப்பாடு என்று சொல்வதில்லையே.