செயின் பேக் வேணாம், சுருக்குப்பை மாதிரி ஒண்ணு தச்சிடுங்க

காலேஜ் டிராமா 1805 இங்கிலாந்துல நடக்குது, ஹீரோயின் தோள்ல செயின் வச்ச ஹேண்ட்பேக் மாட்டலாமான்னு கேட்டிருந்தீங்கல்ல, வேணாங்க. செயின் பேக்னாலே எல்லாருக்கும் ஷனேல்ங்கிற பிரெஞ்சு ஃபேஷன் கம்பெனியோட 2.55 பைதான் ஞாபகம் வரும், அது வந்ததே 1955 பிப்ரவரில, பேருலயே மாசமும் வருஷமும் இருக்கு பாருங்க.

1700கள்ல அங்க பொம்பளைங்க துணி பாக்கெட்ட நாடாவால இடுப்புல கட்டிக்குவாங்க, மேல அகலமான பாவாடை, அதோட பக்கவாட்டுல ஒரு திறப்பு, அதுக்குள்ள கைய விட்டுத்தான் சாவி காசு எல்லாம் எடுக்கிறது. 1790கள்ல மாருக்கு கீழயே இடுப்பு வச்ச மெல்லிசு மஸ்லின் கவுன் ஃபேஷன் ஆயிடுச்சு, உள்ள பாக்கெட் கட்டினா துருத்திக்கிட்டு அசிங்கமா தெரியும், அதனால பை கைக்கு வந்துருச்சு. பேரு ரெட்டிக்யூல், கிண்டலா ரிடிக்யூல்னும் சொல்லுவாங்க, இங்கிலீஷ்ல அதுக்கு கேலின்னு அர்த்தம், பொம்பளைங்க பைய பார்த்து சிரிக்கிறது அப்பவே ஆரம்பிச்சாச்சு!

பட்ஜெட் பத்தி கவலையே படாதீங்க, பட்டு பிளவுஸ் பிட் மிச்சம் இருந்தா போதும். ஒரு சாண் உயரத்துக்கு பை தச்சு, வாய்ல நாடா கோர்த்துடுங்க, இழுத்தா சுருங்கணும், நம்ம பாட்டியோட சுருக்குப்பை மாதிரியேதான், ஆனா இடுப்புல செருகாம மணிக்கட்டுல தொங்க விடணும். ஜிப் மட்டும் வச்சிராதீங்க, அப்போ அது கிடையாது.