மூங்கில் கேள்வி–பதில்: கணுவைப் பாருங்கள்

வளவு மாமரத்தில் கொடிமூங்கில் ஏற்றலாமா? (கோண்டாவில்)

வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் நெளிந்து நெளிந்து போவது டைனோகுளோவா. அந்தமான், போர்னியோ மழைக்காட்டுச் செடி. மாசி தொடங்கிப் புரட்டாசி மட்டும் காயும் செம்மண்ணில், சோளகக் காற்றில் அதை வளர்க்க நாளும் பொழுதும் கிணறு இறைக்க வேண்டும். தப்பிப் பிழைத்தாலும் தொல்லைதான். பற்றுச்சுருளோ கொளுக்கியோ அதற்கில்லை, கொப்புகளில் சாய்ந்தே பத்து இருபது மீற்றர் ஏறிவிடும். நுனியை முறித்தால் அடங்காது. கணுவில் உறங்கும் மொட்டு கிளம்பித் தாய்த்தண்டின் இடத்தைப் பிடிக்கும்.

அதுவும் பிரம்பும் ஒன்றா?

இல்லை. முள்ளும் இறகு மாதிரி ஓலையும் இருந்தால் பிரம்பு, பனைக்குச் சொந்தம். புல்லிலையும் கணுவில் சொரசொரத்த வளையமும் இருந்தால் கொடிமூங்கில்.

தண்ணீர்ப் போத்தலில் வைத்த அதிர்ஷ்ட மூங்கில் மஞ்சளாகிறது.

அது மூங்கிலே இல்லை, டிரசீனா. அடுத்த கடிதம்.

மஞ்சள் மூங்கில் துண்டு இலை விட்டது. பிடுங்கி நட்டதும் வாடிவிட்டது.

இலை வந்தால் வேர் வந்துவிட்டது என்று யார் சொன்னது? தண்டில் சேர்ந்திருக்கும் மாவை வைத்தே இலை விடும். இரண்டு மாதமாவது அசைக்காதீர்கள்.

வெட்டிய தடிகள் ஆறு மாதத்தில் உளுத்துக் கொட்டுகின்றன. மருந்து என்ன? (சாவகச்சேரி)

எத்தனை வயதுத் தடி, எந்த மாதம் வெட்டினது? ஒன்றும் எழுதாமல் மருந்து மட்டும் கேட்கிறீர்கள். முளைத்த வருடத்திலேயே மூங்கில் தன் முழு மொத்தத்துக்கு வந்துவிடும். பிறகு முற்றுமே தவிரப் பருக்காது. ஆளுயரப் பச்சைத்தடி மொத்தமாயிருக்கிறதென்று தறித்தால் உள்ளே ஈரமும் மாவும்தான், வண்டுக்கு விருந்து. மூன்று வயதுத் தடியை மாரி முடிந்து வெட்டி, மூன்று நான்கு கிழமை தண்ணீரில் அமிழ்த்தி, நிழலில் நிமிர்த்திக் காயவிடுங்கள். தண்ணீரை இடைக்கிடை மாற்றுங்கள், நாறும்.

இனி அடிக்கட்டை. எந்த வளவிலும் இதே கூத்து: இரு கணுவுக்கு நடுவே, முழங்கால் உயரத்தில் வெட்டு. மிச்சம் நிற்பது ஒரு குவளை. ஐப்பசி மழையில் நிரம்பும், பத்து நாளில் நுளம்பு பறக்கும், பிறகு டெங்கு என்று ஊரைத் திட்டுவீர்கள். நிலத்தோடு, கணுவுக்கு மேலே ஒட்ட வெட்டுங்கள். தண்ணீர் தேங்க இடமில்லை. முன்பு வெட்டியவற்றில் மண்ணை நிரப்புங்கள். இன்றைக்கே.

நிலத்தோடு வெட்டினால் புதர் செத்துவிடாதா?

வெளிப்பக்க இளந்தடிகளை விட்டு, நடுவில் முற்றியதை மட்டும் எடுத்தால் சாகாது. கணுவுக்கு மேலே ஒட்ட.