புளி போட்டுத் துலக்கலாமா?

கே: எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனவர். இரண்டாங்கட்டு அறையைக் காலி செய்தபோது பழைய துப்பாக்கி ஒன்று கிடைத்தது. குழாயில் வெள்ளியில் நாகம் மாதிரி இழைத்திருக்கிறது; அடிக்கட்டை ரொம்பக் குட்டை. ஜப்பான் சாமான் என்கிறார்கள். பங்கு பிரிக்குமுன் துலக்கி வைக்கலாமா?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

ப: ஆச்சி, முதலில் புளியைக் கீழே வையுங்கள்! என் இருபது வயதில், காரைக்குடிக் கடையில், இதேபோல் ஒரு குழாயைப் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்தேன். சாயங்காலம் வெள்ளி மாதிரி மின்னியது. ஐப்பசி மழையில் துரு பூத்துவிட்டது. வாங்க வந்தவர் விரலால் ஒருமுறை தடவினார், காபியைக் குடித்தார், போய்விட்டார். அந்த இரும்பின் கருப்பில்தான் வெள்ளி எடுப்பாகத் தெரியும். இரும்பைக் குடைந்து, அந்தப் பள்ளத்தில் வெள்ளியையும் பித்தளையையும் அடித்துப் பதிப்பார்கள். நீங்கள் பார்த்தது நாகமில்லை, டிராகனாக இருக்கும்.

ஜப்பான்தானா? ஜப்பானியர் கட்டையைத் தோளில் முட்டுக்கொடுக்காமல் கன்னத்தோடு அணைத்துச் சுடுவார்கள், அதனால்தான் குட்டை. வெடிமருந்தைப் பற்றவைக்கும் எரிதிரியைப் பிடிக்கும் கொக்கியை இழுக்கும் பித்தளை வில், பெரும்பாலும் வெளியிலேயே தெரியும். குழாயைக் கட்டையோடு பிணைப்பது மூங்கில் ஆணி. ஆணி வாயைச் சுற்றிப் பூப்போலப் பித்தளைத் தகடு இருக்கும்.

1543-இல் ஜப்பானின் தனேகாஷிமா தீவுக்கு வந்த போர்த்துக்கீசியரிடம் அத்தீவின் தலைவர் இரண்டு துப்பாக்கி வாங்கினார். வாள் அடித்த கொல்லருக்குக் குழாய் வசப்பட்டது. பின்வாயை மூடும் மரையாணிதான் பிடிபடவில்லையாம். மறுவருஷம் வந்த ஒரு போர்த்துக்கீசியக் கொல்லரிடம் கற்றதாகச் சொல்வார்கள். பிறகு சகாயும் குனிதோமோவும் துப்பாக்கிக்கே பேர்போன ஊர்களாயின. 1615-இல் ஒசாகா கோட்டை விழுந்தபின் பெரிய சண்டைகள் ஓய்ந்தன. நகாசு ஏறியதெல்லாம் பெரும்பாலும் அதற்கப்புறம்தான். சுட வேலையில்லாத துப்பாக்கியை அலங்கரிக்கத்தானே நேரம் கிடைக்கும்!

உள்ளே பழைய மருந்து கெட்டித்துக் கிடக்கலாம். தெரிந்தவர் பார்க்கும்வரை வாய்ப்பக்கம் யாரும் நிற்க வேண்டாம், பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். விற்கும் எண்ணம் இருந்தால் ஆயுதச் சட்டம், தொல்பொருள் சட்டம் இரண்டும் தெரிந்த வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மூங்கில் ஆணியை நீங்களே தட்டாதீர்கள், காய்ந்தது பிளந்துவிடும். பழகிய கை கழற்றினால் குழாயின் அடிப்பக்கம் தெரியும். கொல்லர் தம் ஊரையும் பேரையும் வெட்டுவது அங்கேதான். டிராகனைவிட விலை சொல்வது அந்த நாலு எழுத்து. கழற்றினால் அதைப் படம் பிடித்து அனுப்புங்கள்.