ரவுட்டர் பஃபர், எம்டியூ: கேள்வி பதில்

கேள்வி: சார், ஆபீஸ்ல யாராவது பெரிய ஃபைல் அப்லோட் பண்ணா எல்லாருக்கும் வீடியோ கால் திக்குது. ரவுட்டர்ல பஃபரைக் (பாக்கெட்னு சொல்ற டேட்டா துண்டுகள் வரிசையில காத்திருக்கிற இடம்) கூட்டலாமா?

பதில்: வேண்டாங்க, இன்னும் மோசமாகும். அப்லோட் 10 எம்பிபிஎஸ், பஃபர் 1 எம்பின்னு வெச்சுக்கோங்க. 1 எம்பின்னா 8 மெகாபிட். அது நிரம்பினா கடைசி பாக்கெட் வெளியே போக 0.8 செகண்ட் ஆகும். டேட்டாவை அனுப்பற விதிமுறையான டிசிபியில பெரும்பாலான வகைகள், பாக்கெட் விழுந்தாத்தான் (தொலைஞ்சாத்தான்) வேகத்தைக் குறைக்கும். பஃபர் பெருசுன்னா விழறதுக்கே நேரமாகும், வரிசை அதுவரைக்கும் நீண்டுகிட்டே போகும். பஃபர்ப்ளோட்னு சொல்றது இதைத்தான்.

2012ல கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் இந்த வரிசையைக் கட்டுப்படுத்த கோடெல்னு ஒரு முறையைக் கொண்டுவந்தாங்க. அது வரிசையோட நீளத்தைப் பார்க்காது, பாக்கெட் காத்திருக்கிற நேரத்தைப் பார்க்கும். 100 மில்லிசெகண்ட் முழுக்க அந்த நேரம் 5 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கவே இல்லைன்னா, பாக்கெட்டைத் தூக்கிப்போட ஆரம்பிக்கும். ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இலவச மென்பொருள்) ஓடற ரவுட்டர்னா, வரிசையைக் கவனிக்கிற எஸ்கியூஎம் போட்டு, அதுல கோடெல் வழியில வந்த 'கேக்'ங்கற முறையைத் தேர்ந்தெடுங்க. வேகத்தை நீங்களே அளந்து, அதுல 90 சதவீதத்தைக் கொடுங்க. முழு வேகத்தைக் கொடுத்தா வரிசை மோடத்துக்குப் போயிடும், அங்கே உங்க கை எட்டாது. இந்த ஒண்ணைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க.

கேள்வி: ஐஎஸ்பியில இருக்கேன் அண்ணா. 10 ஜிபிபிஎஸ் லிங்க், ஆர்டிடி (பாக்கெட் போய் பதில் திரும்பி வர்ற நேரம்) 100 மில்லிசெகண்ட். பழைய விதிப்படி 125 எம்பி பஃபர் வருது. அவ்வளவு வேணுமா?

பதில்: வேணாம் தம்பி. வேகத்தை ஆர்டிடியால பெருக்கற அந்த விதி, ஒரே ஒரு டிசிபி ஓட்டத்துக்கு (ஒரு இணைப்புல போற டேட்டாவுக்கு) சரி. ஆயிரக்கணக்கான ஓட்டங்கள் கலந்து வர்றப்போ எல்லாம் ஒரே நேரத்துல வேகம் குறைக்காது. ஸ்டான்ஃபோர்ட்ல அப்பென்செல்லர், கெஸ்லாஸி, மெக்கியோன் மூணு பேரும் 2004ல காட்டினது இது: ஓட்டங்களோட எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து அதால வகுத்தாப் போதும். 10,000 ஓட்டம்னா 1.25 எம்பி. நீண்ட ஓட்டங்கள் நிறைய இருக்கிற, நெட்வொர்க்கோட நடுவுல ஓடற கோர் லிங்குக்குத்தான் இந்தக் கணக்கு. வாடிக்கையாளர் பக்கத்து லிங்க்ல போட்டுடாதே.

கேள்வி: பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு லாகின் ஆகற வகை) கனெக்‌ஷன். பிங் போகுது, ஆனா சில தளங்கள் மட்டும் திறக்கவே மாட்டேங்குது.

பதில்: எம்டியூ (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) சிக்கல் மாதிரி இருக்கு. பிபிபிஓஇ 8 பைட் எடுத்துக்கும், அதனால 1500 போய் 1492 ஆயிடும். துண்டாக்கக் கூடாதுன்னு சொல்லி 1464 பைட்டோட பிங் பண்ணிப் பாருங்க. ஹெடர் 28 பைட் சேர்ந்தா சரியா 1492. அது போயி, 1465 போகலைன்னா உங்க அளவு 1492தான். ரவுட்டர்ல டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஹெடர் போக ஒரு பாக்கெட்ல போற டேட்டா அளவு) 1452ன்னு கிளாம்ப் பண்ணுங்க, அதாவது அதுக்கு மேல போகாம கட்டுங்க. ஃபயர்வால்ல ஐசிஎம்பியை (பிங், பிழைத் தகவல் எல்லாம் போற வழி) மொத்தமா அடைச்சிருந்தா தயவுசெஞ்சு திறந்துவிடுங்க. "பாக்கெட் பெருசு"ன்னு தகவல் வர்ற வழியே அதுதான்.

கேள்வி: எம்டியூ 9000 வெச்சா நெட் வேகமாகுமா?

பதில்: இன்டர்நெட்டுக்கு ஆகாது. உள்ளே சர்வருக்கும் ஸ்டோரேஜுக்கும் நடுவுல, ஸ்விட்ச் உட்பட எல்லாமே 9000 தாங்கினா மட்டும் வைங்க.